எழுபத்தஞ்சு இஞ்சு சீர்

தம்பி, அதை வாங்காதீங்க. ஆமாங்க, உங்களைத்தான் சொல்றேன். மீன் நீந்துதே, அந்த டிவிதான். வேண்டாம்.

நான் கடை ஆள் இல்லீங்க. கடை ஆளா இருந்தா வாங்குங்கன்னுதானே சொல்லுவேன்? எனக்கு ஒரு பெட்டி குடோன்ல இருந்து வரணும், அதுக்கு உக்காந்திருக்கேன். நீங்க அந்தப் பொண்ணுகிட்ட கேட்டது காதுல விழுந்துச்சு. கம்ப்யூட்டரும் மாட்டணும், கேமும் விளையாடணும், ஒரே டிவியா இருந்தாப் போதும்னீங்க. அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. உக்காருங்க. அந்தப் பொண்ணு வேற ஆளைக் கவனிச்சுட்டு வரட்டும். இதே கேள்விக்குத் தப்பாப் பதில் வாங்கிட்டுப் போனவன் நானு.

முதல்ல ஒண்ணு. கடையில ஓடற படத்தைப் பார்த்து மயங்காதீங்க. எப்பப் பாரு மீனு, பூவு, மலை, அருவி. எவனாவது எழுத்தை ஓட்டிக் காட்டறானா பார்த்தீங்களா? காட்ட மாட்டான். மீனு மங்கலாத் தெரிஞ்சா யாருக்குத் தெரியப் போகுது? எழுத்து மங்குனாத்தான் தெரியும். நீங்க உங்க கம்ப்யூட்டரைக் கையோட கொண்டுவந்து மாட்டிப் பாருங்க. கறுப்புல செவப்பு எழுத்து, வெள்ளையில சின்ன எழுத்து, ரெண்டும் வச்சுப் பாருங்க. விளிம்புல கலர் கலரா அடிச்சுதுன்னா எந்திரிச்சுப் போயிட்டே இருங்க.

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? இந்த வெள்ளை வேட்டிக்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? வைராக்கியத்துல கத்துக்கிட்டதுங்க. ஒருத்தனை ஒரு நாளாவது தலைகுனிய வைக்கணும்னு கத்துக்கிட்டது.

எம்பேரு நாச்சிமுத்துங்க. இங்க நாமக்கல்லயே லாரிக்கு பாடி கட்டற பட்டறை வச்சிருக்கேன். சேசிஸ் மட்டும் எலும்புக்கூடு மாதிரி வரும், நாங்க அதுக்குக் கேபின், தொட்டி, பலகை எல்லாம் கட்டி, பெயிண்ட் அடிச்சு, மணி கட்டி அனுப்புவோம். டேப்பே வேண்டாங்க எனக்கு. கண்ணாலயே அளந்துருவேன். இந்தச் சோபா ஆறடிக்கு ஒரு விரக்கடை கம்மி. வேணும்னா அளந்து பாருங்க.

தலைகுனிய வைக்கணும்னு சொன்னனே, அவன் வேற யாருமில்லீங்க, எந்தங்கச்சி சாந்தாமணி வீட்டுக்காரன். குழந்தைவேல்னு பேரு. மோகனூர் பக்கம் தோட்டங்காடு. நேர்ல பார்த்தா 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை'தான். பொண்ணு குடுத்த வீடு, வாய் அப்படிப் பழகிப் போச்சு. மனசுக்குள்ள அவன் இவன்தான்.

என்ன பண்ணுனான்னு கேளுங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் ஒரு கலர் டிவி சீரா வச்சேன். அந்தக் காலத்து டிவி, பின்னாடி கூன் விழுந்த மாதிரி இருக்குமே, அது. அப்பா போயி எங்க குடும்பம் எந்திரிக்கவே சிரமப்பட்டுட்டிருந்த நேரம். ஊர்ல எவன் வீட்டுச் சீர்லயும் அவ்வளவு பெரிய டிவி வந்ததில்ல. ஆடி நோன்புக்குத் தங்கச்சியைக் கூப்பிடப் போறேன். ஆசாரத்துல, அதாங்க முன் ஹால்ல, டிவி இல்ல. ரூம்ல இல்ல. எங்கடீன்னா முழிக்கறா. கொல்லைப் பக்கம் போனா, மாட்டுக் கொட்டாய்ல இருக்குதுங்க! தீவனப் பானைக்கு மேல பலகையைப் போட்டு அதுமேல டிவி. எதிர்ல ரெண்டு எருமை நின்னு பார்த்துட்டிருக்குது. நான் வச்ச சீரை எருமை பார்க்குது!

அன்னைக்குச் சாப்பிட உக்கார வச்சாங்க. சோத்துல கை வச்சேன், இறங்கல. எந்திரிச்சு வந்துட்டேன். அப்பப் புடிச்ச தீ தம்பி, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அணையல.

எந்தங்கச்சி அதுக்கு ஒரு கதை சொல்லுவா. அவ மாமனாரு மாட்டை விட்டு நகர மாட்டாராம். ராத்திரி படுக்கை, பகல் சாப்பாடு எல்லாம் கொட்டாய்லயே கட்டிலப் போட்டுத்தானாம். புது டிவி வந்திருக்குதாமே, நான் எங்க பார்க்கறதுன்னு ஒரு நாள் ஏக்கமாக் கேட்டாராம். இவன்தான் தூக்கிட்டுப் போயி அப்பன் கட்டிலுக்கு எதிர்ல வச்சானாம். அந்தப் பெரியவர் கண்ணை மூடற வரைக்கும் எங்க சம்பந்தி வீட்டு டிவின்னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லுவாராம். புருசனுக்குப் பரிஞ்சு பேசாம இருப்பாளா? அவ அப்படித்தான் சொல்லுவா. நான் கண்ணால பார்த்தவன். எருமை இருந்துச்சு. பெரியவர் கட்டிலும் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா எருமை இருந்துச்சு.

சரி, அது போகட்டும். போகலைன்னு வைங்க.

எனக்குக் குழந்தை இல்லீங்க. தங்கச்சி பொண்ணு மௌனிகாதான் எனக்கு எல்லாம். மவுனீன்னு கூப்பிடுவேன். பேருதான் மவுனி, வாய் ஓயாது. இப்பக் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறா. இங்க ஹாஸ்டல். ஞாயித்துக்கிழமைன்னா பட்டறைக்கு வந்துருவா. பெயிண்ட் நாத்தத்துல உக்காந்து ஓட்டை லேப்டாப்பை வச்சுக்கிட்டு விளையாடுவா. துப்பாக்கி எடுத்துச் சுடற விளையாட்டு. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, டேய் லெப்ட்ல வர்றான் பாரு, டேய் செத்துத் தொலையாதேன்னு கத்துவா. என் பட்டறை ஆளுங்க ஆரம்பத்துல பயந்தே போயிட்டானுங்க. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தாங்க ஞாயித்துக்கிழமைன்னே தோணும்.

போன வருஷம் அந்த மாப்பிள்ளை அதே தோட்டத்துல, பழைய வீட்டை ஒட்டியே புது வீடு கட்டுனான். மாடியில மவுனிக்குன்னு தனி ரூம். புதுவீடு புகறதுக்குப் பொறந்த வீட்டுச் சீர் போகணுமில்லீங்க? ஒரு ஞாயித்துக்கிழமை மவுனியே கேட்டா.

"மாமா, எனக்கு ஒண்ணு வேணும். என் ரூமுக்கு ஒரு டிவி. ஆனா டிவி பார்க்கறதுக்கில்ல. கம்ப்யூட்டரை அதுல மாட்டிக்குவேன். படிப்பும் அதுலதான், கேமும் அதுலதான்."

"வாங்கிட்டாப் போச்சு சாமி. எப்படி வேணும் சொல்லு."

"நாப்பத்தி மூணு இஞ்சு மாமா. அதுக்கு மேல வேண்டவே வேண்டாம். டேபிள்ல உக்காந்து பார்க்கறதுக்கு அதுவே ஜாஸ்தி. நூத்தியிருபது ஹெர்ட்ஸ் இருக்கணும், அப்பத்தான் படம் தேங்காம ஓடும். கேம் மோட் இருக்கணும், பட்டனை அமுக்குனதும் திரையில தெரியணும். எழுத்து சுத்தமாத் தெரியணும். இந்த லேப்டாப்புல பாதித் திரை கோடு கோடாப் போயிருச்சு மாமா. சென்னையில ஒரு டீம்ல ஆள் எடுக்கறாங்க. விளையாட வச்சுப் பார்த்துத்தான் எடுப்பாங்க. எடுத்துட்டாங்கன்னா படிச்சுக்கிட்டே சம்பளத்துக்கு விளையாடலாம். எனக்கு அது எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"உங்கப்பன்கிட்டக் கேக்கலயா?"

"கேட்டாத் தருவாரு மாமா. வீட்டு வேலையில அலைஞ்சுட்டிருக்காரு, இப்பப் போய் எதுக்குன்னு விட்டுட்டேன்."

பார்த்தீங்களா? பெத்த பொண்ணே கேக்கப் பயப்படுது. அந்த மாதிரி வச்சிருக்கான் வீட்டை. எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அவன் தராததை நான் தர்றேன். அதுவும் டிவி! மறுபடி டிவி! கடவுளாப் பார்த்து அனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. எந்த டிவியை எருமைக்கு வச்சானோ, அதே டிவியைக் கொண்டுபோய் அவன் மூஞ்சிக்கு நேரா வைக்கிறேன் பாருன்னு நினைச்சேன்.

இதே கடைக்குத்தாங்க வந்தேன். நாப்பத்தி மூணைக் காட்டும்மான்னேன். காட்டுனா. எனக்கு முதல்ல நம்பவே முடியல. நாப்பத்தி மூணு இஞ்சுன்னா மூணரை அடிக்கு மேல அகலம் வரணுமில்லீங்க? கண்ணாலயே அளக்கறேன், வரல. என்னம்மா ஏமாத்தறியான்னேன். அப்பத்தான் சொல்றா, குறுக்கா அளக்கறதாம். மூலைக்கு மூலை. எவனாவது லாரியை மூலைக்கு மூலை அளந்து விப்பானா? சரி, என்னவோ. அந்த நாப்பத்தி மூணைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசே ஆகலைங்க. பத்துத் தட்டு சீர், மேளம், சொந்தபந்தம் எல்லாம் முன்னால போக, கடைசியில இதைத் தூக்கிட்டுப் போனா எப்படி இருக்கும்? அவன் சனமெல்லாம் என்ன சொல்லும்? அப்பத்தான் அந்தச் செவுத்துல பார்த்தேன். எழுபத்தஞ்சு. அடேயப்பா! ஒரு பக்கக் கதவு மாதிரி இருந்துச்சு. மினி லாரிக்குப் பின்கதவாவே மாட்டலாம்.

அந்தப் பொண்ணு கேட்டா, "கேம் விளையாடறதுக்கா சார்? அதுக்கு இது சரி வராதுங்க சார், இதுல அறுபது ஹெர்ட்ஸ்தான் வரும்"னா. நான் சொன்னேன், "அதெல்லாம் எந்தங்கச்சி பொண்ணு விளையாடிக்குவா, பில்லைப் போடு." அவ்வளவுதான். அதுக்கு மேல அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருக்கணுமா இல்லையா? சட்டையைப் புடிச்சு நிறுத்தியிருக்கணும். அதோ, இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறா பாருங்க.

சீர் போனது ஊருக்கே கண்கொள்ளாக் காட்சிங்க. பெட்டியோட கொண்டுபோனா உள்ள என்ன இருக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? பெட்டியைப் பிரிச்சுட்டேன். என் பட்டறையில புதுசாக் கட்டுன ஒரு மினி லாரியில நிக்க வச்சு, இரும்புச் சட்டம் அடிச்சு, சுத்தி சீரியல் லைட்டு, பேட்டரி வச்சு டிவியை ஓட விட்டேன். அதுல மீன் நீந்துது. ஆமாங்க, இதே மீன்தான். முன்னால மேளம், நடுவுல பொம்பளைங்க தட்டோட, பின்னால அசைஞ்சு அசைஞ்சு டிவி. மோகனூர் ரோட்டுல பஸ்ஸை நிறுத்திப் பார்த்தானுங்க.

மாப்பிள்ளை வாசலுக்கு ஓடி வந்தான். ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நிக்கிறான். "எதுக்கு மச்சான் இவ்வளவு சிரமம்"னான். கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு உச்சி குளுந்து போச்சு. கலங்குடா, இன்னும் கலங்குன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, வெளியில "இருக்கட்டும் மாப்பிள்ளை, நம்ம வீடு"ன்னேன். அதோட என் மனசு ஆறியிருக்கணும். ஆறல.

எந்தங்கச்சி ஆரத்தி எடுத்தா. சீர் சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கணுமில்லீங்க? எல்லாத் தட்டுக்கும் வச்சுட்டு டிவிக்கு வந்தா. ஓரச் சட்டம் விரல் நகம் அளவுக்குத்தான் இருக்குது, அதுல எங்க வைக்கிறது? தயங்குனா. நான்தான் சொன்னேன், "கண்ணாடியிலயே வையி, எல்லாருக்கும் தெரியற மாதிரி வையி"ன்னு. மேல இடது பக்க மூலையில நல்லா அழுத்தி ஒரு பொட்டு. அவ நின்னது அந்தப் பக்கந்தான்.

அப்புறம் மாடிக்குத் தூக்குனோம். இந்தக் கண்ணு எத்தனை லாரியை அளந்திருக்கு? மாடிப்படி திரும்பற எடத்துல நின்னுடுச்சு. நிமிர்த்துனா சீலிங் இடிக்குது, சாய்ச்சா கைப்பிடி இடிக்குது. அவன் வேணும்னே படியைக் குறுக்கிக் கட்டியிருக்கான்னு எனக்கு அப்பவே சந்தேகம். கொத்தனாரைக் கேட்டா அளவெல்லாம் சரிதாங்கறான். அவனும் அவன் ஆளுதானே? கடைசியில வேற வழியில்லாம ஆசாரத்துலயே, சாமி படத்துக்கு எதிர்ச் செவுத்துல மாட்டியாச்சு.

மவுனி படியிலயே நின்னு பார்த்துட்டிருந்தா. "பரவால்ல மாமா, நான் கீழ வந்து மாட்டிக்கறேன்"னா. மூஞ்சி மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. களைப்பாயிருக்கும்னு நினைச்சேன்.

மறுநாள் பார்த்தா அந்தக் குங்குமம் காஞ்சு அப்படியே ஒட்டிக்கிச்சு. ஈரத்துணியில தொடைச்சா செவப்பா இழுத்துக்கிட்டுப் போகுது. நான் சும்மா இருப்பனா? வண்டியில தின்னர் இருந்துச்சு. லாரி பெயிண்ட்டே தின்னர்ல போகுது, குங்குமம் போகாதா? துணியில ஊத்தி ஒரு தேய் தேய்ச்சேன். குங்குமம் போயிருச்சு. அந்த எடத்துல வெள்ளையா, கண்ணுல பொறை விழுந்த மாதிரி ஒரு வட்டம் வந்துருச்சு. உள்ளங்கை அகலம். நான் சொன்னேன், "மூலையிலதானே சாமி, அங்க என்ன இருக்கப் போகுது"ன்னு.

அங்கதாங்க எல்லாமே இருக்குமாம். அந்த விளையாட்டுல மேல இடது மூலையிலதான் ஒரு சின்ன மேப்பு. எதிரி எங்க நிக்கிறான், நம்ம ஆள் எங்க நிக்கிறான் எல்லாம் அதுலதான் புள்ளி புள்ளியாத் தெரியுமாம். எனக்கு எப்படிங்க தெரியும்?

ஆள் எடுக்கற மேட்ச்சை வீட்ல இருந்தே ஆன்லைன்ல ஆடலாமாம், அன்னைக்கு நானும் அங்க போயிட்டேன். அழைக்கல, நானாத்தான் போனேன். என் டிவியில எம்மருமக ஜெயிக்கறதை அவன் பார்க்கணும், அவன் பார்க்கறதை நான் பார்க்கணும். மவுனி நாற்காலியைப் பின்னால தள்ளிப் போடறா, முன்னால இழுக்கறா. கிட்ட உக்காந்தா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கு. தள்ளி உக்காந்தா எழுத்து தெரியல. எழுத்து விளிம்புல நான் சொன்னனே, செவப்பும் பச்சையுமா அடிக்குது. அப்புறம் இன்னொண்ணு. இங்க பட்டனை அமுக்குனா அங்க அந்த ஆளு யோசிச்சுத்தான் சுடறான். நம்ம வேலையாள் கூப்பிட்டா, கேட்டும் கேக்காத மாதிரி நின்னுட்டு அப்புறம் திரும்புவானே, அந்த மாதிரி. கண் சிமிட்டற நேரங்கூட இல்லீங்க, ஆனா அந்த விளையாட்டுல அது ரொம்ப ஜாஸ்தியாம்.

அவ ரெண்டு தடவை பார்த்துட்டு, வயரைக் கழட்டுனா. "மாமா, இந்த ஒரு மேட்ச் மட்டும் பழைய லேப்டாப்புத் திரையிலயே ஆடிக்கறேன். கோடு இருந்தாலும் பழகுனது"ன்னா.

நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. "அப்ப நான் எதுக்குச் சாமி இதைச் சுமந்துட்டு வந்தேன்?" அவ்வளவுதான் சொன்னேன்.

அப்ப அவன் குறுக்க வந்தான். "விடுங்க மச்சான். புள்ளைக்கு எது தோதோ அதுல ஆடட்டும்"னான். எந்த மாதிரிச் சொல்றான் பாருங்க! மெதுவா, நல்லவனாட்டம்! என் சீரை மறுபடியும் கொட்டாய்க்கு அனுப்பறான்னு தோணுச்சு. எனக்கு ரத்தம் தலைக்கேறிருச்சு. "ஏனுங்க மாப்பிள்ளை, நான் கொண்டு வந்தது உங்க வீட்ல எதுக்குமே உதவாதா? அன்னைக்கும் உதவல, இன்னைக்கும் உதவலயா?"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். தங்கச்சி உள்ள போயிட்டா. அவன் வாயை மூடிக்கிட்டான். மவுனி என்னைப் பார்த்தா, அவங்கப்பனைப் பார்த்தா. அப்புறம் வயரை மறுபடி டிவியில மாட்டுனா.

ஜெயிச்சது யாருங்க அந்த எடத்துல? நான்தானே? அவன்தானே வாயை மூடுனான்?

ஆனா விளையாட்டுல மவுனி தோத்துட்டா. தோத்தான்னா, ரொம்பச் சீக்கிரம். அந்த வெள்ளை வட்டத்துக்குள்ள இருந்துதான் வந்தானாம் எவனோ. இவ பார்க்கல. பார்த்து அமுக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கத்தவே இல்லீங்க அவ அன்னைக்கு. டேய்னுகூடச் சொல்லல. ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு, "சாப்பிடுங்க மாமா, நேரமாச்சு"ன்னுட்டு மாடிக்குப் போயிட்டா.

அந்த வாரமே அவன் என்ன பண்ணுனான் தெரியுமா? கோயமுத்தூர் போயி ஒரு மானிட்டர் வாங்கிட்டு வந்திருக்கான். சின்னது, இருபத்தேழு இஞ்சு. மவுனியையே கூட்டிட்டுப் போயி, அவ கை காட்டுனதை வாங்கியிருக்கான். மேளமில்ல தாளமில்ல, பைக்ல நடுவுல வச்சுக் கட்டிக்கிட்டு வந்து மாடியில வச்சுட்டான். எவ்வளவு நஞ்சு பாருங்க மனசுல! ஊரைக் கூட்டிச் செஞ்சவன் ஒருத்தன், சத்தமில்லாமச் செஞ்சு அவனைக் கேவலப்படுத்தறவன் ஒருத்தன்.

அதுகூடப் பொறுத்துக்குவேன். என் டிவி என்ன ஆச்சு? தினம் சாயங்காலம் ஈஸி சேரைப் போட்டுக்கிட்டு அவன் அதுல கபடி பார்க்கறான்! நல்லாப் பார்க்கறதுக்குத் தோதா இருக்குதாம், ஆளுங்க நிஜ அளவுல தெரியறாங்களாம். வர்றவன்கிட்ட எல்லாம் எங்க மச்சான் வாங்கிக் குடுத்ததுன்னு சொல்றானாம். தங்கச்சி போன்ல பெருமையாச் சொல்றா. எனக்கு வயிறு எரியுதுங்க. நான் யாரை அழிக்கணும்னு வாங்குனனோ அவன் காலை நீட்டிக்கிட்டு அதை அனுபவிக்கறான். இதை விட நக்கல் உண்டா? அவங்கப்பனும் அப்படித்தான் சொன்னாராம், சம்பந்தி வீட்டு டிவின்னு. குடும்பமே அப்படித்தான் போல.

ஞாயித்துக்கிழமை மவுனி வர்றது நின்னு போச்சு. படிப்பு இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். பட்டறையில அவ உக்கார்ற நாற்காலி மேல பெயிண்ட் டப்பாவை வச்சுட்டானுங்க. நான் எடுக்கச் சொல்லி எடுக்கச் சொல்லி அலுத்துப் போச்சு.

அப்புறம் ஒரு நாள் வந்தா. கையில லட்டு டப்பா. வேற ஒரு டீம்ல எடுத்துட்டாங்களாம். எனக்குத் தாங்கல. "நம்ம டிவியில ஆடித்தானே சாமி?"ன்னேன்.

"இல்ல மாமா. அப்பா வாங்கித் தந்ததுல."

"அப்ப நான் வாங்குனது?"

அவ சிரிச்சா. கோவமெல்லாம் இல்லீங்க. லட்டு டப்பாவை மூடிக்கிட்டே சொன்னா. "மாமா, நான் கேட்டது எனக்கு. நீங்க வாங்குனது அப்பாவுக்கு."

சொல்லிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா. நான் அந்த லட்டைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். பட்டறையில அத்தனை சுத்தியல் சத்தம், எனக்கு ஒண்ணுமே கேக்கல. என்ன தப்புச் செஞ்சேன் தம்பி நான்? நல்லா யோசிச்சுப் பார்த்தேன். அந்தப் புள்ளைக்கு இப்படிப் பேசத் தெரியாதுங்க. அவன்தான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கான். வேற என்ன? எம்மருமகளையே என்கிட்ட இருந்து பிரிச்சுட்டான்.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். இனி அவனை விடறதில்ல. உக்காந்து படிச்சேங்க. எனக்கு இங்கிலீஷ் வராது, பட்டறைக் கணக்குப் பிள்ளையை வச்சு யூட்யூப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். உங்களுக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க. பின்னால வயர் மாட்டற ஓட்டை நாலு இருந்தாலும் நூத்தியிருபது ஒண்ணுலயோ ரெண்டுலயோதான் வரும், அதுலதான் மாட்டணும். மாட்டுனப்புறம் செட்டிங்ல போயி, இது கம்ப்யூட்டருன்னு அதுக்குச் சொல்லணும். அப்பத்தான் எழுத்து சுத்தமாகும். கேம் மோடைப் போடாம விளையாடவே கூடாது. டேபிளோட ஆழத்தை அளந்துட்டு வந்து இஞ்சைச் சொல்லுங்க. மாடிப்படியையும் அளந்துருங்க. தின்னர் கிட்டவே போகாதீங்க.

அதோ, வந்துருச்சு பாருங்க பெட்டி. நாப்பத்தி மூணு. நூத்தியிருபது. கேம் மோட். எழுத்து சுத்தம், நேத்தே ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்துட்டேன். அவ அன்னைக்கு எதைக் கேட்டாளோ அச்சு அசல் அதேதான். நாளைக்குப் பொங்கல் சீர். மேளத்துக்குச் சொல்லியாச்சு, லாரி வெளிய நிக்குது. பொட்டை இந்தத் தடவை பின்பக்கம் வச்சுக்கலாம்னு தங்கச்சிகிட்டச் சொல்லிட்டேன்.

நேரா மாடி ஏறுவேன். இந்தத் தடவை படியில நிக்காது. அவன் வாங்கித் தந்தது இருக்குதில்ல, அந்த இருபத்தேழு, அதை என் கையாலயே கழட்டுவேன். கழட்டி எடுத்துட்டு, சனமெல்லாம் பார்க்கப் படி இறங்கி, கொல்லை வழியாப் போயி, மாட்டுக் கொட்டாய்ல வைப்பேன். எந்த எடத்துல என் டிவியை வச்சானோ அதே எடத்துல. எருமை பார்க்கட்டும். அன்னைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஏம்மா, பெட்டியைப் பிரிச்சுரு. ஆமா, பிரிச்சே குடு. எல்லாரும் பார்க்க வேண்டாமா?

என்ன தம்பி கேட்டீங்க? மவுனியா?

அவகிட்ட இன்னும் சொல்லலீங்க. சொன்னா வேண்டாம்னு சொல்லிருவா.